கணக்குக் கேட்டவர்கள்: சட்டசபைக் கேள்வியும் திருவண்ணாமலையின் பொதுப் பணமும்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை மறுபடியும் சொல்லப் போவதில்லை. 1891இல் பறையர் மகாஜன சபை, 1893இல் ‘பறையன்’ இதழ், பிறகு தென்னாப்பிரிக்கா, அண்ணல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாடு என்று அந்த வரலாறு உங்களில் பலருக்கும் தெரியும். நாம் இன்று பேச எடுத்துக்கொள்வது அவர் செய்த வேலைகளில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று. 1923 முதல் அவர் சென்னை சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். அவரும் அவரைப் போல நியமிக்கப்பட்ட ஒரு சில ஆதிதிராவிட உறுப்பினர்களும் பொது அமைப்புகளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். வரி யாரிடமிருந்து வந்தது, எதற்குச் செலவானது, அந்தச் செலவில் உண்டான பாதையும் கிணறும் சத்திரமும் யாருக்குத் திறந்திருக்கின்றன என்று கேட்டார்கள்.

இதை ஏன் திருவண்ணாமலையில் பேச வேண்டும்? இந்த ஊர் வருகிறவர்களால் வாழ்கிற ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்புகிறது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலையின் உச்சியைப் பார்த்து ஊரே நிற்கிறது. வருகிறவர்கள் பேருந்துக் கட்டணம் கொடுக்கிறார்கள், வண்டி நிறுத்தக் கட்டணம் கொடுக்கிறார்கள், விடுதி வாடகை கொடுக்கிறார்கள், உண்டியலில் போடுகிறார்கள். அரசும் சாலைக்கும் விளக்குக்கும் குடிநீருக்கும் காவலுக்கும் செலவழிக்கிறது. இத்தனை வரவும் இத்தனை செலவும் உள்ள ஊரில் ‘பொது’ என்பது யார்? நூறாண்டுக்கு முன் நம் முன்னோர் சட்டசபையில் கேட்ட கேள்வி இதுதான். அதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை.

1. ஐந்து நாற்காலிகள்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை சட்டசபையில் 127 உறுப்பினர்கள். அவர்களில் 98 பேர் தேர்தலில் வந்தவர்கள், 29 பேர் நியமிக்கப்பட்டவர்கள். அந்த 29இல் 5 இடங்கள் பறையர், பள்ளர், வள்ளுவர், சக்கிலியர், மாலா, மாதிகா, செருமன், ஹொலெயா, தோட்டியர் ஆகிய ஒன்பது சமூகங்களுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டன. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் மாகாணம் முழுவதிலும் உள்ள ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மொத்தமே ஐந்து நாற்காலிகள். அதுவும் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவை அல்ல, கவர்னர் கொடுத்தவை.

1920இல் எம்.சி.ராஜா அந்த வழியாகத்தான் உள்ளே போனார். சட்டசபையில் அமர்ந்த முதல் ஆதிதிராவிடர் அவர். பிறகு இரட்டைமலை சீனிவாசன், ஆர்.வீரையன், எல்.சி.குருசாமி, சுவாமி சகஜானந்தா, என்.சிவராஜ் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். இவர்களுக்குப் பின்னால் ஓட்டு இல்லை. மந்திரிசபையைக் கவிழ்க்கும் எண்ணிக்கை இல்லை. கையில் இருந்தது ஒன்றுதான். உறுப்பினர் எவரும் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வரவு செலவுத் திட்டத்தில் பேசலாம் என்ற விதி.

அந்த விதியும் சும்மா கிடைக்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமையே 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. 1909இல் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி போடலாம் என்றானது. 1919க்குப் பிறகுதான் வேறு உறுப்பினர்களும் துணைக் கேள்வி கேட்க முடிந்தது. மற்றவர்களுக்கு இது பேச்சுத் திறமையைக் காட்டும் இடம். நம்மவர்களுக்கு இதுவே ஆயுதம்.

ஒரு கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். உறுப்பினர் எழுதிக் கொடுத்த கேள்வி கோட்டையில் நின்றுவிடுவதில்லை. மந்திரி பதில் சொல்ல வேண்டுமானால் காரியதரிசி ஜில்லா கலெக்டருக்கு எழுத வேண்டும். கலெக்டர் போர்டு தலைவரிடம் கேட்க வேண்டும். தலைவர் ஓவர்சியரை அனுப்ப வேண்டும். கடைசியில் யாரோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து இந்தத் தாலுகாவில் எத்தனை கிணறு, எதில் சேரி மக்கள் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று எண்ணியாக வேண்டும். அதுவரை யாரும் எண்ணாத ஒன்று அன்று எண்ணப்படுகிறது. பதில் பொய்யாக இருந்தாலும் அச்சாகிவிடுகிறது. அச்சான பொய்யை அடுத்த கூட்டத்தில் பிடிக்கலாம். நாற்பது மைல் தொலைவில் பாதை மறிக்கப்பட்ட சேரி, கோட்டைக்குள் பெயர் சொல்லி நுழைந்தது இந்த வழியாகத்தான்.

2. பதில் சொல்ல வேண்டியவர் யார்?

1919 சட்டம் நிர்வாகத்தை இரண்டாகப் பிரித்தது. போலீஸ், நிலவருவாய் போன்றவை வெள்ளைக்கார அரசிடம் இருந்தன. ஸ்தல சுயாட்சி, கல்வி, சுகாதாரம் போன்றவை இந்திய மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, நகராட்சி ஆகியவை இந்த இரண்டாம் வகை. 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசரே ஸ்தல சுயாட்சித் துறையையும் வைத்திருந்தார்.

இதன் பொருள் என்ன? சேரி மக்கள் பொதுப் பாதையில் நடக்க முடியவில்லை என்ற புகாருக்கு லண்டனைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. போர்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர் மிராசுதாரரும் வக்கீலும் வியாபாரியும். அவர்களுக்கு மேல் இருப்பவர் பிராமணரல்லாதார் கட்சியின் மந்திரி. சமூக நீதி பேசிய ஆட்சியிடமே கணக்குக் கேட்க வேண்டியிருந்தது. நம் முன்னோர் தயங்காமல் கேட்டார்கள். நண்பர் ஆட்சியில் கேள்வி கேட்பதுதான் கடினம் என்பதை இன்றைய தோழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1884லும் 1920லும் வந்த சட்டங்களால் இயங்கிய இந்த அமைப்புகளின் பணம் எங்கிருந்து வந்தது? நிலவரியோடு சேர்த்து வாங்கிய செஸ், வீட்டு வரி, சந்தைக் குத்தகை, சாலைச் சுங்கம், அரசு மானியம். நிலம் இல்லாதவர் செஸ் கட்டவில்லையே என்று அன்று வாதம் இருந்தது. இன்றும் “வரி கட்டுகிறவர் நாங்கள்” என்று சிலர் பேசுவது அதன் மிச்சம். செஸ் கட்டிய நிலத்தில் உழுதவர் யார்? சந்தையில் வாங்கிய சாமானின் விலைக்குள் குத்தகைக்காரரின் வரி ஒளிந்திருக்கவில்லையா? சாலைக்கு மண் சுமந்தது யார்? பட்டா எவர் பெயரில் இருந்தாலும் வரி உழைப்பிலிருந்துதான் வருகிறது.

3. 1924: ‘பொது’ என்ற சொல்லுக்கு ஓர் அரசாணை

1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதன் சாரம் இரண்டே அம்சம். எந்த ஊரிலும் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடை இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றுக்குள் சாதி இந்துக்கள் போவது போலவே ஒடுக்கப்பட்டவரும் போகலாம். தீர்மானம் நிறைவேறியது. 25.09.1924 அன்று ஸ்தல சுயாட்சித் துறையின் 2660ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது.

அந்தத் தீர்மானம் இரக்கம் கேட்கவில்லை. மனம் மாறும்படி சாதி இந்துக்களைக் கெஞ்சவில்லை. ஒரு பொருள் பொதுவானதா இல்லையா என்று மட்டுமே கேட்டது. பொது என்றால் எல்லோருக்கும். எல்லோருக்கும் இல்லை என்றால் அதைப் பொது என்று கணக்கில் எழுதாதே.

பம்பாயில் இதே காலத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 1923 ஆகஸ்டில் எஸ்.கே.போலே இதைப் போன்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தர்மசாலைகள், பள்ளிகள், மருந்தகங்கள் எல்லாவற்றையும் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்றது அது. மகாடு நகராட்சி அதை ஏற்று ஒரு தீர்மானமும் போட்டது. ஆனால் சவுதார் குளத்தில் யாரும் கை வைக்க முடியவில்லை. 1926 ஆகஸ்டில் போலே திரும்ப வந்தார். தீர்மானத்தை நடைமுறைப்படுத்தாத நகராட்சிக்கும் போர்டுக்கும் அரசு மானியம் கொடுக்கக் கூடாது என்றார். 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு அந்தக் குளத்துக்கு நடந்தார்.

சட்டசபைக் கேள்வி, மானியத்தில் கை வைப்பது, பிறகு மக்களின் கால்நடை. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. மகாடில் நடந்தவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டசபை ஏற்கெனவே கொடுத்ததை எடுத்துக்கொள்ளவே நடந்தார்கள்.

சென்னையில் மானியத்தை நிறுத்தும் அந்த இரண்டாவது படி அதே வலுவோடு வரவில்லை. கோவையின் ஆர்.வீரையன், பாதையிலும் கிணற்றிலும் தடுப்பவருக்கு அபராதம் விதிக்கும்படி ஸ்தல போர்டுச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். அரசாணை இருந்தும் பாதை திறக்கவில்லை என்பதற்கு அந்த மசோதாவே சாட்சி.

4. தனிக் கிணறு என்னும் தந்திரம்

செலவைப் பற்றிப் பேசும்போது நம் வரலாற்றின் ஒரு சங்கடத்தையும் பேசியாக வேண்டும். 1920 அளவில் உருவான லேபர் கமிஷனர் துறை சேரிகளில் பள்ளி நடத்தியது, மனைப்பட்டா வாங்கிக் கொடுத்தது, கிணறு வெட்டியது. நம் பாட்டன்மார் பலர் எழுத்தறிந்தது அந்த லேபர் பள்ளிகளில்தான். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் தனிக் கிணறு வெட்டும் ஒவ்வொரு முறையும் பழைய பொதுக் கிணறு மேலும் இறுக மூடிக்கொண்டது. “உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே” என்று ஊர் சொல்ல வழி கிடைத்தது. அரசின் கணக்கேட்டில் ஆதிதிராவிடர் நலச் செலவு என்று ஒரு வரி ஏறியது. ஊரின் கணக்கேட்டில் தீண்டாமை அப்படியே இருந்தது. சாதியைக் காப்பாற்றும் செலவு நலத்திட்டத்தின் பெயரில் எழுதப்பட்டது.

அதனால்தான் சீனிவாசனின் தீர்மானம் முக்கியமானது. ‘எங்களுக்கும் ஒன்று கொடு’ என்பது ஒரு கோரிக்கை. ‘இருப்பது எங்களுடையதும்தான்’ என்பது வேறொரு கோரிக்கை. தாகத்தில் நிற்பவன் முதலாவதையும் கேட்டாக வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனிச் சாலை, தனிக் காலனி என்று போய்க்கொண்டே இருக்கும். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பதைப் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் அரசுப் பணம் செலவாகிறது. எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தச் செலவு பிரிவைக் குறைத்ததா, கெட்டியாக்கியதா என்றும் கேட்க வேண்டும்.

5. கோயில் யாருடைய கணக்கில் வருகிறது?

1924 அரசாணை கோயிலைத் தொடவில்லை. பாதை, கிணறு, குளம், அலுவலகம் வரை வந்து கோபுர வாசலில் நின்றுவிட்டது. கோயில் தனி விஷயம், மத விஷயம் என்பது வாதம். வரலாறு அப்படி இல்லை. 1817ஆம் ஆண்டு ஏழாம் ரெகுலேஷன் மூலம் கம்பெனி அரசு கோயில்களின் அறக்கட்டளைகளோடு சத்திரங்களையும் பாலங்களையும் ஒரே சட்டத்தில் சேர்த்து ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. அறக்கட்டளை, சத்திரம், பாலம் மூன்றும் அரசு கவனிக்க வேண்டிய பொதுச் சொத்து என்று அன்றே எழுதப்பட்டுவிட்டது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி அறநிலையச் சட்டம் கொண்டுவந்து கோயில் வருமானத்துக்குக் கணக்குக் கேட்டது. பணத்துக்குக் கணக்குக் கேட்ட அந்தச் சட்டம் வாசலுக்குக் கணக்குக் கேட்கவில்லை.

திருவண்ணாமலையில் அந்த வாசலை அசைத்துப் பார்த்தவர்கள் உண்டு. 1927இல் சுயமரியாதை இயக்கத்தின் ஜே.எஸ்.கண்ணப்பர் தலைமையில் அண்ணாமலையார் கோயிலுக்குள் போனபோது கதவைப் பூட்டினார்கள். ஊருக்கு வருகிறவரை எல்லாம் வரவேற்று வாழும் கோயில், சிலர் வந்தபோது பூட்டைத் தேடியது.

சட்டசபையில் அந்தப் பூட்டைத் திறக்க முயன்றவர் எம்.சி.ராஜா. 1938இல் அவர் கொண்டுவந்த குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. பாதை, நீர்நிலை, போக்குவரத்து, பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் எதிலும் தீண்டாமை கூடாது என்றது அது. அதே ஆண்டில் மாகாணம் முழுவதற்குமாக அவர் கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவைக் காங்கிரஸ் ஆட்சி ஆதரிக்கவில்லை. முதல்வர் ராஜாஜி அதை விட்டுவிடச் சொன்னார். மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. ராஜாவின் மசோதா தோற்றது. 08.07.1939 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்த பிறகு, அதற்கு உதவியவர்களைப் பாதுகாக்க அவசரமாக 1939ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1947இல்தான் மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மதுரையைப் படிக்கிறார்கள். ஓராண்டு முன்பு சட்டசபையில் தோற்ற மசோதாவைப் படிப்பதில்லை.

இப்போது 1947லிருந்து 2023க்கு வாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்தில் தென்முடியனூர் என்றொரு கிராமம். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது. 30.01.2023 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன்வர, பெரும் போலீஸ் பாதுகாப்போடு, அந்த ஊர் தலித் மக்கள் பொங்கல் பானையோடு முதல் முறையாக உள்ளே போனார்கள். 80 ஆண்டுகளாகத் தடை இருந்தது என்று அந்த மக்கள் சொன்னார்கள். எதிர்த்தவர்களும் அன்று வெளியே நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் செல்லங்குப்பத்திலும் மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தார்கள்.

சட்டத்தின் கண்ணில் தென்முடியனூர் கோயில் தனியார் வீட்டுப் பூஜை அறை அல்ல. அரசுத் துறையின் பொறுப்பில் உள்ள கோயில். கணக்கு எழுதப்படுகிறது, தணிக்கை நடக்கிறது. அரசு அதிகாரி கையெழுத்துப் போட்ட கணக்குப் புத்தகத்தில் அது பொதுக் கோயில். வாசலில் மட்டும் அது சிலருடைய கோயில். இத்தனை ஆண்டுத் தணிக்கையில் ஒரு தணிக்கையாளர்கூட ‘இந்தக் கோயிலுக்குள் யார் யார் வருகிறார்கள்’ என்று ஒரு வரி எழுதும் படிவம் இல்லாமல் போனதே, அதுதான் நம் குறை.

2002இல் மத்தியத் தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தபோது ஊர் கொதித்தது. கடையடைப்பு, போராட்டம், வழக்கு. கடைசியில் கோயில் பழையபடி அறநிலையத் துறையிடமே வந்தது. இது எங்கள் கோயில், டெல்லி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டதில் நியாயம் இருக்கலாம். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் தென்முடியனூர்க் காலனியும் இருந்ததா என்பது நம் துணைக் கேள்வி.

6. அரசமைப்புக்குள் வந்த கேள்வி

1923இல் பம்பாயிலும் 1924இல் சென்னையிலும் எழுந்த வாதம் வீண் போகவில்லை. இந்திய அரசமைப்பின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி முதலிய காரணங்களால் எந்தக் குடிமகனுக்கும் தடை இருக்கக் கூடாது என்கிறது அது. எந்தக் கிணறு, எந்தச் சாலை? அரசுப் பணத்தில் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படுவது, அல்லது பொதுமக்களின் பயனுக்கென்று விடப்பட்டது. ‘பகுதியாகவோ’ என்ற அந்தச் சொல் விலைமதிப்பற்றது. ஒரு ரூபாய் பொதுப் பணம் விழுந்தாலும் அது எல்லோருடையதும். பெயர் தெரியாத எத்தனையோ சேரிகளின் தாகம் அந்த வாசகத்தில் இருக்கிறது.

இந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய திருவண்ணாமலையைப் பார்ப்போம்.

1886இல் நகராட்சியான இந்த ஊர், 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதோடு இணைக்கும் நடவடிக்கையும் வந்தது. ஆன்மிகச் சுற்றுலா வளரும், சாலை அகலமாகும், நிலத்தின் மதிப்பு கூடும் என்று சொல்லப்படுகிறது. நிலம் உள்ளவருக்கு அது உண்மை. ஊராட்சி மாநகராட்சிக்குள் போனால் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் நகரக் கணக்கில் ஏறும். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை ஊரகத்துக்கு மட்டும் உரியது. ஊராட்சி மறைந்தால் அந்த வேலை அட்டையும் மறைகிறது. வரி கூடி வேலை குறையும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சட்டமன்றத்தில் யாராவது கேட்டாக வேண்டும். இந்த மாவட்டத்தில் செங்கமும் வந்தவாசியும் தனித் தொகுதிகள். 1920இல் மாகாணம் முழுவதற்கும் 5 நியமன நாற்காலிகள் இருந்தன. இன்று ஒரு மாவட்டத்திலேயே 2 இடங்கள், அதுவும் மக்கள் ஓட்டில் வந்தவை. ஐந்து பேர் கேட்ட அளவு இவர்கள் கேட்கிறார்களா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

தீபத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கிரிவலப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைபோல் குப்பை. அதை அள்ள இந்த ஊர்த் தூய்மைப் பணியாளர்கள் போதாமல் பிற ஊர்களிலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகத்தவர் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பக்தர்களுக்குச் செய்த ஏற்பாடுகளைப் பற்றி அமைச்சர்களின் அறிக்கை வருகிறது. அந்தப் பணியாளர்கள் இரவில் எங்கே படுத்தார்கள், கையுறை இருந்ததா, ஒப்பந்தக்காரர் கூலியை எந்தத் தேதியில் கொடுத்தார் என்பது எந்த அறிக்கையிலும் வருவதில்லை. சுற்றுலாவின் செலவில் ஒரு பகுதியை அவர்கள் உடம்பால் கட்டுகிறார்கள். அந்த வரிக்கு ரசீது கிடையாது.

01.12.2024 அன்று ஃபெஞ்சல் புயலின் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். 13.12.2024 அன்று மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. பக்தர்களின் பாதுகாப்புக்காக மலை ஏறத் தடை விதித்தார்கள். அது சரியான முடிவு. அந்த மலையில் ஒருநாள் ஏறுகிறவரைப் பற்றி அரசு யோசித்தது. ஆண்டு முழுவதும் அதன் அடியில் படுத்துத் தூங்குகிறவரைப் பற்றி யோசித்து எவ்வளவு செலவழித்தது? ஏழைகள் ஏன் சரிவிலேயே வீடு கட்ட நேர்கிறது? இதுவும் வரவு செலவுக் கேள்விதான்.

7. நம் கையில் இருக்கும் வேலை

ஒரு தோழர் கேட்கலாம். கேள்வி கேட்டு என்ன ஆகிவிட்டது? 1924 அரசாணை வந்து 99 ஆண்டு கழித்துத்தானே தென்முடியனூர்க் கதவு திறந்தது? நியாயமான கேள்வி. அரசாணை மட்டும் கதவைத் திறக்காது என்பதற்கு நாமே சாட்சி. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தென்முடியனூர் மக்கள் உள்ளே போக வேண்டும் என்று உறுதியாக நின்றபோது, ஆட்சியரால் மறுக்க முடியவில்லை. சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. அந்தச் சட்டத்தை அங்கே கொண்டுவந்து வைத்தவர்கள் ஓட்டும் கட்சியும் இல்லாத அந்த ஐந்து பேரும், அவர்களுக்குப் பின்வந்தவர்களும். நடப்பதற்குக் கால் வேண்டும், கால் வைக்க நிலம் வேண்டும். அவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்களுக்கு இல்லாத கருவிகள் நமக்கு உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேள்வி கேட்கும் அதிகாரத்தை எம்.எல்.ஏ.விடமிருந்து எடுத்து ஒவ்வொரு குடிமகன் கையிலும் கொடுத்தது. கிராம சபையில் வரவு செலவை வாசிக்கச் சொல்லலாம். நம் தோழர்கள் சிலர் ஓர் ஊராட்சியில் அப்படிக் கேட்டபோது, “இதுவரை யாரும் கேட்டதில்லையே” என்று வியந்தார்களாம். அந்த வியப்பே நமக்குப் பாடம். 1979-80 முதல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் இருக்கிறது. தமிழகத்தில் 2011 கணக்குப்படி நாம் 20.01 சதவீதம். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய நிதி செலவாகாமல் திரும்பிப் போகிறது, பொதுச் சாலையிலும் பொதுக் கட்டடத்திலும் நம் பங்கு என்று எழுதிக் கணக்கு முடிக்கப்படுகிறது என்பது நெடுநாள் புகார். 2024இல் தமிழ்நாடு அரசு இதற்கென ஒரு தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் வந்துவிட்டது என்று ஓய்ந்தால் அது 2660ஆம் எண் அரசாணையைப் போலத் தூங்கும்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அறநிலையத் துறைக் கோயில், ஊராட்சிக் கிணறு, சமுதாயக் கூடம், சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கடை என்று பொதுப் பணத்தில் நடப்பவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கட்டம் போடுங்கள். பணம் எங்கிருந்து வந்தது? எவ்வளவு செலவானது? யார் உள்ளே போக முடிகிறது? முதல் இரண்டு கட்டத்தையும் அரசு நிரப்பிக் கொடுக்கும், கேட்டால். மூன்றாவது கட்டத்தை நீங்கள்தான் நடந்து போய் நிரப்ப வேண்டும். நிரப்பியதை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் அவரிடம் நீங்கள் கேளுங்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 18.09.1945 அன்று மறைந்தார். மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டத்தையும் 15ஆம் பிரிவையும் அவர் பார்க்கவில்லை. தான் போட்ட கேள்விகளுக்கான பதிலைப் பார்க்காமலே போனார். துணைக் கேள்வி கேட்கும் உரிமை இப்போது நம்மிடம் இருக்கிறது. நாளைக் காலையில் நோட்டை எடுங்கள்.

ஜெய்பீம்.